வேகன் ஆருக்கு எந்த பிரஷர் பிளீடர் வாங்கலாம்? ஒரே ஆளாக பிரேக் ஆயில் மாற்ற வேண்டும்

கெடிலக்கரை, கடலூர்:

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வண்டி 2011 வேகன் ஆர், பெட்ரோல். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

போன மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் தாண்டியிருப்போம், பெடல் திடீரென்று பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. ஒரு மிதியில் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்ததும்தான் கொஞ்சம் பிடித்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் மெல்ல இழுத்து ஓரம் கட்டினேன். பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். முன் சக்கரத்தில் இருந்து காந்தல் வாடை. முக்கால் மணி நேரம் நின்றோம். ஆறியதும் பெடல் ஒன்றுமே நடக்காதது போலப் பழையபடி கெட்டியாகிவிட்டது. மீதி வளைவை எல்லாம் முதல் கியரிலேயே இறங்கினேன். அம்மா சேலம் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, பில்லில் "பிரேக் ஆயில் மாற்றியது" என்று எழுதியதற்குக் காசு கொடுத்திருந்தேன். ஊர் திரும்பியதும் பின் இடது சக்கரத்தில் ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகை, அதாவது நிப்பிளைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். டீக்கடை டிகாஷன் நிறத்தில் வந்தது. மேலே பானெட்டுக்குள் பிரேக் ஆயில் ஊற்றுகிற டப்பாவில் மட்டும் தேன் நிறத்தில் புது ஆயில். டப்பாவில் இருந்ததை உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றி மூடியிருக்கிறார்கள். குழாயிலும் சக்கரத்திலும் இருந்தது அப்படியே இருக்கிறது. இந்த ஒரு வேலையை இனி என் கையால்தான் செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒருமுறை செய்தும் பார்த்தேன். வீட்டுக்காரம்மா மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட. "மிதி, பிடி, விடு" என்று கத்திக்கொண்டே ஒரு முன் சக்கரம் முடித்தோம். இரண்டாவதில் நான் மூடுவதற்குள் அவர் காலை எடுத்துவிட்டார், காற்று உள்ளே போய்விட்டது, முதலில் இருந்து ஆரம்பித்தோம். அவருக்கு இப்போது முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிறார். திரும்ப அவரைக் கூப்பிட மனசு வரவில்லை. ஒரே ஆளாகச் செய்ய என்ன வாங்கலாம் என்று ஒரு வாரமாகத் தேடுகிறேன்.

பிரஷர் பிளீடர் என்றால் டப்பாவில் காற்றழுத்தம் கொடுத்துப் பழைய ஆயிலை நிப்பிள் வழியாக வெளியே தள்ளுகிற கருவி. இதுவரை பார்த்தவை: கைப்பம்பு வைத்த பாட்டில், பிரஷர் காட்டும் கேஜோடு, 45 மி.மீ மூடி ஒன்றுடன் வருவது. அதே பாட்டில், ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒரு சதுரத் தட்டும் கொக்கிச் சங்கிலியும் கொடுப்பது. ஸ்டெப்னி டயர் காற்றை வைத்து ஓடும் ஒரு வகை. அப்புறம், நிப்பிள் பக்கத்தில் இருந்து உறிஞ்சும் வேக்குவம் கைப்பம்பு. ஐந்தாயிரத்துக்கு மேல் போக முடியாது.

எதை வாங்கலாம்? எவ்வளவு பிரஷர் கொடுக்கலாம்? பதினான்கு வருஷம் பழைய பிளாஸ்டிக் டப்பா தாங்குமா? இந்த மூன்றுக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லாஸ்பேட்டை ஐ10:

நான் வேக்குவம் கைப்பம்பு வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக அதில்தான் செய்கிறேன். மேலே மூடி பிரச்சினையே இல்லை, டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அளவு குறையக் குறைய ஊற்றினால் போதும். எந்த வண்டிக்கும் ஆகும்.

ஒரு தொந்தரவு உண்டு. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மறை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். ட்யூபில் முத்து முத்தாகக் குமிழி வந்துகொண்டே இருக்கும், ஆயிலில் காற்று இருக்கிறதா மறையில் இருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் தடவை ஒரு சக்கரத்துக்கே கால் லிட்டர் வீணாக்கினேன். இப்போது நிப்பிளைச் சுற்றி வெளிப்பக்கம் சிலிக்கான் கிரீஸ் பூசிவிட்டு, கால் சுற்றுக்கு மேல் திறப்பதில்லை. பழைய ஆயிலை மாற்ற மட்டும் என்றால் இது போதும். காற்றை எடுக்க வேண்டும் என்றால் எனக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை.


முருங்கப்பாக்கம் பட்டறை:

தம்பி, முதலியார்பேட்டையில் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தேன், இப்போது பையன் பார்க்கிறான். முதலில் ஏற்காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கே இருக்கிற ஆயிலை வெளியே தள்ள வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

ஆறியதும் பெடல் கெட்டியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆயில் கொதித்ததற்கு அடையாளம். பேடு மட்டும் சூடேறி வழுக்கியிருந்தால் பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டிதான் நிற்காது. உங்களுக்குப் பெடலே உள்ளே போயிருக்கிறது. முன் சக்கரத்தில் பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற காலிப்பருக்குள் தண்ணீர் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அடித்து மிதித்ததும் பிடித்ததற்கும் காரணம் அதுதான்.

பிரேக் ஆயிலுக்குத் தண்ணீரை இழுக்கிற குணம் உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியில் இருக்கிற காற்றுத் துளை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும். டாட் 3 என்கிற தர ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 தான். டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்தால் 155. கடலூர், பாண்டி மாதிரி கடற்கரை ஊரில் ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி வெளியே நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வீண் செலவுக்காக இல்லை. சூடு ஏறுகிற இடம் காலிப்பர். டப்பாவில் புது ஆயில் தேன் நிறத்தில் மினுங்கினால் காலிப்பருக்கு என்ன பயன்? உங்களுக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் செய்தது பெரிய தப்பு.

சரி, பிளீடருக்கு வருவோம். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பாட்டிலைப் பார்க்கிறார்கள், கேஜைப் பார்க்கிறார்கள். நீங்கள் மூடியைப் பாருங்கள். உங்கள் டப்பாவின் வாயில் எந்த மூடி ஒழுகாமல் உட்காருமோ அதுதான் உங்களுக்கான பிளீடர். பாட்டில் எதுவாக இருந்தாலும் வேலை நடக்கும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 மி.மீ வாய் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 16 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அப்படியானால் 16 கிலோ சுமை கீழே இருந்து அந்த மூடியை மேலே தள்ளுகிறது. ஒரு தண்ணீர்க் குடத்தை அதன் மேல் வைத்தால்தான் சமாளிக்கும். மறையுள்ள மூடி இதைத் தாங்கும். தட்டை வைத்து, டப்பாவுக்கு அடியில் கொக்கியை மாட்டி, சங்கிலியை இறுக்கினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் தூக்கும். இறுக்க இறுக்க பழைய பிளாஸ்டிக் வளையும். பட்டறையில் அப்படி ஒரு தட்டு வாங்கி வைத்திருந்தேன், நாலு வண்டிக்கு மேல் அதை மாட்ட எனக்கு மனசு வரவில்லை.

45 மி.மீ மூடி ஐரோப்பிய வண்டிகளுக்கு வருவது. உங்களுடையது சுசுகி. அந்த மூடி அப்படியே பொருந்தும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் மூடியைக் கழற்றிப் பாருங்கள். திருகுகிற மூடியா, அழுத்தி மாட்டுகிற மூடியா? உள் விட்டம் எவ்வளவு? ஒயர் ஏதாவது மூடியில் வருகிறதா? கழற்றிய மூடியைச் சுத்தமான துணியில் வைத்து, ஸ்கேலோடு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

பட்டறையில் நாங்கள் செய்தது இன்னொரு வழி. வண்டிக்குப் பொருந்தும் மூடி ஒன்றை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தனியாக வாங்குவோம். அதன் நடுவில் துளை போட்டு, இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து, ஒரு பித்தளை ஹோஸ் நிப்பிளை நட்டு போட்டு இறுக்குவோம். ஒரு வண்டிக்கு ஒரு மூடி. கம்பெனி மூடி என்பதால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும், சங்கிலியும் வேண்டாம் கொக்கியும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மூடிக்குள் காற்று போய்வர ஒரு கீறலோ பள்ளமோ இருக்கும், அதன் வழியாக உங்கள் பிரஷர் எல்லாம் போய்விடும். உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டையான ரப்பர் வாஷர் போட வேண்டும்.

பிரஷர்: 10 பிஎஸ்ஐ. பழைய டப்பாவுக்கு அதற்கு மேல் வேண்டாம். 15 வரை போகலாம் என்று எழுதியிருப்பார்கள், புது வண்டிக்குச் சரி. பெடலை மிதிக்கும்போது குழாயில் வருகிற பிரஷர் இதைப்போல ஐம்பது மடங்கு, நூறு மடங்கு. ஆனால் அந்தப் பிரஷர், பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழேதான், டப்பாவுக்கு அது தெரியாது. டப்பா வெறும் பிளாஸ்டிக், அடியில் இரண்டு ரப்பர் புஷ்ஷில் குத்தி நிற்கிறது. நாம் கொடுப்பது ஆயிலை நகர்த்த மட்டும். 10 பிஎஸ்ஐயில் ஆயில் நூல் பிடித்த மாதிரி நிற்காமல் வரும், அது போதும்.


கெடிலக்கரை, கடலூர்:

அண்ணே, ரொம்ப நன்றி. ஏற்காட்டில் நடந்தது என்ன என்று இப்போதுதான் புரிகிறது. 16 கிலோ கணக்கை அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

மூடியைப் பார்த்துவிட்டேன். மேலே டாட் 3 என்று எழுதியிருக்கிறது, ஒயர் மூடியில் இல்லை. தனி மூடி வாங்குகிற வழிதான் எனக்கும் சரியாகப் படுகிறது. பாட்டிலுக்கு, செடிக்கு மருந்து அடிக்கிற 2 லிட்டர் கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கிறது, புதுசு, மருந்து ஊற்றியதே இல்லை. அதற்குள் ஆயிலை ஊற்றிப் பயன்படுத்தலாமா? ஸ்டெப்னி டயர் முறை இதைவிட நல்லதா?


முருங்கப்பாக்கம் பட்டறை:

மருந்து பம்பு போதும் தம்பி. ஆனால் அதற்குள் ஆயில் ஊற்ற வேண்டாம். காற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த பம்பில் இருக்கிற ஓரிங் பெரும்பாலும் நைட்ரில் ரப்பர். பிரேக் ஆயில் பட்டால் அது ஊதிப் போகும், கொழகொழவென்று ஆகிவிடும். பிரேக்கில் இருக்கிற சீல்கள் வேறு ரப்பர், பிரேக் ஆயிலுக்கு என்றே செய்தது. ஊதிப்போன ஓரிங்கில் இருந்து துகள் பெயர்ந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போனால் என்ன செய்வீர்கள்?

வெறும் காற்றாக வைத்தால் இன்னொரு நன்மை. மூடி நழுவினால் உஸ்ஸென்று காற்று போகும், அவ்வளவுதான். பாட்டிலில் ஒரு லிட்டர் ஆயில் இருந்து மூடி நழுவினால் அத்தனையும் என்ஜின் மேலும் பெயின்ட் மேலும் கொட்டும். பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உரிந்து வரும். சொட்டு சிந்தினாலே உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துணியால் துடைத்தால் போதாது.

வெறும் காற்று முறையில் ஆபத்து ஒன்றே ஒன்று. டப்பா காலியானால் காற்று நேராக மாஸ்டர் சிலிண்டருக்குள் போய்விடும், முழு வேலையும் பாழ். வேகன் ஆர் டப்பா சின்னது. ஒரு தடவைக்கு நூறு மில்லிக்கு மேல் எடுக்காதீர்கள். நிப்பிளை மூடு, பிரஷரை விடு, மூடியைத் திற, நிரப்பு, மறுபடி மூடு. பிரஷரை விடாமல் மூடியைத் திறந்தால் ஆயில் கண்ணில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டில் எதற்கு, சைக்கிள் பம்பை நேராக மூடியில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். டப்பாவில் ஆயிலுக்கு மேலே காற்று இருக்கிற இடம் ஒரு டம்ளர்கூட இல்லை. கொஞ்சம் ஆயில் இறங்கியதும் பிரஷர் விழுந்துவிடும். 2 லிட்டர் காற்று பின்னால் இருந்தால், 10 பிஎஸ்ஐயில் 100 மில்லி ஆயில் வெளியே போனாலும் ஒன்றேகால் பிஎஸ்ஐதான் இறங்கும். பாட்டில் இருப்பது அதற்குத்தான். ஸ்டெப்னி முறையிலும் இதே தத்துவம்தான், காற்று இன்னும் அதிகம். ஆனால் டயரில் 30க்கு மேல் இருக்கும். அதை 20க்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், உங்கள் டப்பாவுக்கு என்றால் 10க்கு. வேலை முடிந்ததும் திரும்ப காற்று பிடிக்கப் போக வேண்டும். மறந்துவிட்டால் வழியில் பஞ்சராகி நிற்கும்போது ஸ்டெப்னியும் கால் வாரும்.

பம்பில் கேஜ் இருக்காது. 0 முதல் 30 வரை காட்டுகிற சின்ன கேஜ் ஒன்று வாங்கி, ட்யூபில் மூன்று வாய் உள்ள டி இணைப்பு போட்டு மாட்டுங்கள். பம்பின் தலையில் இருக்கிற சேஃப்டி வால்வை நம்பாதீர்கள், அது நமக்கு வேண்டியதைவிட ரொம்ப மேலே போன பிறகுதான் திறக்கும்.


நெய்வேலி போலோ:

இடையில் ஒன்று சொல்லலாமா? என் வண்டி போலோ. அதற்கு 45 மி.மீ மூடி கையால் திருகியதுமே உட்கார்ந்தது, பாட்டில் வகை ரெடிமேடு பிளீடர் வாங்கி நிம்மதியாக இருக்கிறேன். ஐரோப்பிய வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் நேராக அதை வாங்கலாம், மூடி செய்யத் தேவையில்லை. கிளட்சுக்கும் அதே டப்பாவில் இருந்துதான் ஆயில் போகிறது என்பதால் கிளட்ச் நிப்பிளையும் சேர்த்துத் திறந்து எடுத்துவிடுங்கள், நான் முதல் தடவை விட்டுவிட்டேன்.

ஏபிஎஸ் உள்ள வண்டிக்காரர்களுக்கு: ஆயில் மாற்ற மட்டும் என்றால் இதே முறை போதும். டப்பாவைக் காலி செய்து ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்றை விட்டுவிட்டால் ஸ்கேனர் மாட்டி அதன் பம்பை ஓட வைத்துத்தான் எடுக்க முடியும், வீட்டில் நடக்காது. அதனால் எங்களுக்கு டப்பாவில் அளவு பார்ப்பது இன்னும் முக்கியம்.

வீட்டில் ஆள் வைத்துப் பெடல் மிதிக்கிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள். தினமும் ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதி தூரம்தான் போய்வருகிறது. அதற்கு அப்பால் உள்ள பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். முழுக்க மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். என் அப்பாவின் மாருதி 800 அப்படித்தான் போனது, ஆயில் மாற்றிய மறுநாளே பெடல் மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். பிரஷர் பிளீடரில் பெடலைத் தொடுவதே இல்லை, பழைய வண்டிக்கு நான் அதைச் சொல்வது இதற்காகத்தான்.


லாஸ்பேட்டை ஐ10:

மரக்கட்டை விஷயம் எனக்குப் புதுசு. குறித்துக்கொண்டேன்.


கெடிலக்கரை, கடலூர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது. என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன், என்னைப் போலத் தேடி வருகிறவர்களுக்கு ஆகும்.

மூடி கடலூரில் கிடைக்கவில்லை. திருப்பாப்புலியூரில் இரண்டு கடையில் டப்பாவோடு சேர்த்துத்தான் தருவோம் என்றார்கள். பாண்டியில் நூறடி ரோட்டில் ஒரு கடையில் தனியாகக் கிடைத்தது. பித்தளை நிப்பிளும் கேஜும் டி-யும் கம்ப்ரஸர் சாமான் விற்கிற கடையில் வாங்கினேன். பம்பு ஏற்கெனவே இருந்ததால் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டவில்லை.

துளை போட்டு மாட்டி, சக்கர நிப்பிள் எதையும் திறக்காமல் முதலில் சும்மா காற்று வைத்துப் பார்த்தேன். முருங்கப்பாக்கம் அண்ணன் சொன்ன காற்றுத் துளையை அடைத்தும் பிரஷர் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் தடவியதும் தெரிந்தது, பித்தளை நிப்பிளின் அடியில் வாஷரை ஒட்டி ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழி, ஊதி ஊதி உடைந்துகொண்டே இருந்தது. துளையைக் கையால் போட்டதில் ஓரம் பிசிறு. பிளேடால் செதுக்கி, பழைய கார் ட்யூபில் இருந்து ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வாஷர் வெட்டிப் போட்டேன். பிறகு மறுபடி டப்பாவில் மாட்டி 10 வைத்தேன். பத்து நிமிஷத்தில் 9 வரை இறங்கியது. அது போதும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை ஐந்தரைக்கே ஆரம்பித்தேன், எட்டு மணிக்கு மேல் எங்கள் வாசலில் வெயில் வந்துவிடும். வண்டி நாலு ஸ்டாண்டு மேல். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது என்பதை எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சால் டப்பாவில் இருந்ததை அடி தெரியும் வரை உறிஞ்சி, புது டாட் 4 ஊற்றினேன். டாட் 3 உள்ள இடத்தில் டாட் 4 ஊற்றலாம், டாட் 5 சிலிக்கான் மட்டும் ஆகாது என்று கடையிலும் சொன்னார்கள். நிப்பிளில் மாட்ட மீன் தொட்டி ட்யூப், மறுமுனை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கி.

நம் பக்கம் ஸ்டியரிங் வலது என்பதால் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் இருப்பது பின் இடது. அங்கே தொடங்கினேன். நிப்பிளை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தியதும் சத்தமே இல்லாமல் ஆயில் வர ஆரம்பித்தது. அந்த டிகாஷன். ட்யூபில் கரிய கயிறு மாதிரி இறங்கியது. குமிழி இரண்டே இரண்டு, பிறகு இல்லை. நூறு மில்லிக்கு நிறுத்தி, நிரப்பி, மறுபடி. இரண்டாம் தடவை பாதியில் நிறம் மாறியது. கரிய ஆயிலுக்கும் தேன் நிறத்துக்கும் நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கலங்கலாக வந்து, அதற்குப் பின்னால் தெளிந்துவிட்டது. ட்யூபுக்குள் அந்த எல்லை நகர்ந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். யாரும் மேலே உட்கார்ந்து மிதிக்கவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. பெரியவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவின் அளவைப் பார்த்துச் சொன்னாள், அது அவளாக எடுத்துக்கொண்ட வேலை.

அடுத்து பின் வலது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நிப்பிள் துருவேறி அசையவில்லை. அதன் மேல் இருக்க வேண்டிய ரப்பர் தொப்பி எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் இழுத்தால் முனை வழுக்கிவிடும் என்று கைக்குத் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். முன் இரண்டையும் முடித்தேன். முன் இடது காலிப்பரில் இருந்து வந்ததுதான் எல்லாவற்றிலும் கறுப்பு. ஏற்காட்டில் கொதித்தது இதுதானோ என்று நினைத்தபோது கை நின்றுவிட்டது.

பின் வலதை அடுத்த ஞாயிறு வரை அப்படியே விட்டேன், அந்த வாரம் வண்டியை எடுக்கவில்லை. துரு இளக்கும் ஆயிலை தினமும் இரவு நிப்பிளின் வேரில் மட்டும் ஒரு சொட்டு விட்டேன். அது உள்ளே போனால் சீல் கெட்டுவிடும் என்பதால் முனைத் துளையை டேப் ஒட்டி மூடியிருந்தேன். ஞாயிறு அன்று ரிங் ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு ஆறு பட்டை சாக்கெட் போட்டு, சின்னச் சுத்தியால் தலையில் நாலு தட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் மயிரிழை அளவுக்கு, அப்புறம் தளர்த்துகிற பக்கம். மூன்றாவது முயற்சியில் நறுக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, இளகிவிட்டது.

மொத்தம் 800 மில்லி செலவானது. பிரேக் முன்பைவிட மேலேயே பிடிக்கிறது. என்ஜினைப் போடாமல் மிதித்துப் பார்த்தேன், போட்டுவிட்டும் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், பெடல் இறங்கவில்லை. தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் விடியற்காலை ஆள் இல்லாத நேரத்தில் 20 கி.மீ வேகத்தில் ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்தினேன். நம் ஊரில் இறக்கம் என்றால் கேப்பர் மலை ஒன்றுதான், அங்கேயும் ஒருமுறை போய்வந்தேன். அம்மா முன் சீட்டில் வந்தார்கள்.


முருங்கப்பாக்கம் பட்டறை:

நல்ல வேலை தம்பி. துரு நிப்பிளில் நிறுத்தியது ரொம்பச் சரி. அங்கே அவசரப்பட்டு முனையை உடைத்துவிட்டு வீல் சிலிண்டரையே மாற்றியவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்த நிப்பிளை மட்டும் புதுசு மாற்றிவிடுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் மறையை ஒப்பிட்டு வாங்குங்கள். மீதி 200 மில்லி பாட்டிலில் இருக்கும், அதை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். திறந்த பாட்டில் ஈரம் குடித்துவிடும்.


லாஸ்பேட்டை ஐ10:

வடித்த பழைய ஆயிலை என்ன செய்தீர்கள்? என்னிடம் மூன்று வருஷத்து ஆயில் பாட்டில் பாட்டிலாக நிற்கிறது.


கெடிலக்கரை, கடலூர்:

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றவில்லை. மூடி இறுக்கி, மேலே பேனாவால் "பிரேக் ஆயில், விஷம்" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வைத்திருந்தேன். பழைய என்ஜின் ஆயில் எடுக்க வருகிற ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வருவார். அவரிடம் கேட்டேன், என்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனி கேனில் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். உங்களுடையதையும் கொண்டு வந்தால் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

அண்ணே, நிப்பிள் மாற்றியாகிவிட்டது. கூடவே நாலு சக்கரத்துக்கும் ரப்பர் தொப்பி வாங்கி, உள்ளே துளி சிலிக்கான் கிரீஸ் தொட்டு மாட்டிவிட்டேன். போலோ நண்பருக்கு: அந்த மரக்கட்டையையும் ஒன்று வெட்டி டூல் பெட்டியில் போட்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு ஆல்டோவுக்கு அடுத்த வாரம் செய்ய வேண்டும், அந்த மூடிக்கு இன்னும் அளவு எடுக்கவில்லை.